கையைத் தொட்டுச் சொல்லணும்

கொஞ்சம் தலையை நிமித்துங்கக்கா. அவ்வளவுதான். பயப்படாதீங்க, மைக்கு கடிக்காது. இந்தச் சின்னப் பொட்டியை இடுப்புல சொருகிக்கங்க, வயரை முந்தானைக்குள்ள விட்டுருங்க, வெளியே தெரியக் கூடாது. நீங்களே பண்ணிக்கங்க, நான் திரும்பிக்கிறேன். ஆச்சா? எங்கே, பேரும் ஊரும் சொல்லுங்க பார்ப்போம். பாண்டீஸ்வரி, சத்திரப்பட்டியா? அய்யோ, பள்ளிக்கூடத்துல ஆஜர் சொல்ற மாதிரி சொல்றீங்களே! பரவாயில்ல, குரல் நல்லா விழுது. எனக்கு இந்தக் காதுல கேட்குது பாருங்க. இனிமே நீங்க மூச்சு விட்டாக் கூட எனக்குக் கேட்கும்.

மணி பத்து இருபது. பதினோரு மணிக்கு நம்ம ஜோதி வர்ற வண்டி தெருமுனைக்கு வந்துரும். மதுரை ஓட்டல்ல இருந்து எட்டரைக்கே கிளம்பியாச்சு. அது வரைக்கும் நீங்க இந்த நாற்காலியை விட்டு எழுந்திரிக்கக் கூடாது. பிரவீன் தரையில சாக்பீஸால கோடு போட்டு வச்சிருக்கான் பாருங்க, வெளிச்சம் அந்த இடத்துலதான் சரியா விழுது. பிரவீன்தான் நம்ம கேமராமேன். ஆள் பார்க்கத்தான் முரடன், தங்கமானவன்.

ஃபோனா? ஃபோன் என் பையில பத்திரமா இருக்கு. ஷோ முடிஞ்சதும் தந்துருவேன். ஜோதியோட ஃபோனையும் நேத்தே வாங்கி வச்சாச்சு. இது என் ரூல் இல்லக்கா, ஷோவோட ரூல். தாயும் மகளும் முன்கூட்டியே பேசிக்கிட்டீங்கன்னா அப்புறம் என்ன சர்ப்ரைஸ் இருக்கு? கண்ணுல தண்ணி வரணும்ல?

நீங்க பதட்டமா இருக்கீங்க. நான் பேசிக்கிட்டே இருக்கேன், நீங்க சும்மா கேட்டுக்கிட்டு இருங்க. வேற ஆள் பேச்சைக் கேட்டா நம்ம பயம் போயிரும். எட்டு வருஷமா எத்தனை அம்மாவைப் பார்த்திருக்கேன்.

என் பேரு அருள்தாஸ். டிவியில கடைசியா பேரெல்லாம் ஓடும்ல, யாரும் படிக்க முடியாத வேகத்துல, அதுல 'கதை ஒருங்கிணைப்பு'ன்னு வரும். அது நான்தான். பாட்டுப் போட்டியில என்னடா கதைன்னு எங்க மாமியார் கேட்டாங்க. அதானேன்னு நீங்களும் நினைப்பீங்க. சொல்றேன் கேளுங்க. ஒரு சீசனுக்கு எட்டாயிரம் பேர் பாட வர்றாங்க. அதுல ஒரு முந்நூறு பேர் நல்லாப் பாடுவாங்க. சத்தியமாச் சொல்றேன், முந்நூறு பேரும் சுருதி பிசகாமப் பாடுவாங்க. எங்களுக்கு வேண்டியது இருபது பேர். முந்நூறுல இருபதை எப்படிப் பிரிக்கிறது? அங்கேதான் நான் வர்றேன். ஒவ்வொருத்தரையும் தனியா உட்கார வச்சு ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்பேன்: "உனக்கு என்னம்மா குறை?"

எல்லாத்தையும் நோட்டுல எழுதிக்குவேன். இந்தாங்க, இதுதான் அந்த நோட்டு. அம்மா கேன்சர். அப்பா மீன் வண்டி. அண்ணன் ஓடிப்போயிட்டான். இப்படி. குறை இல்லாத மனுஷன் ஏது? சில பேருக்குச் சொல்லத் தெரியாது. நான் எடுத்துக் கொடுப்பேன்.

என்னைக் கல்நெஞ்சக்காரன்னு நினைச்சுராதீங்க. நான் சட்டுன்னு அழுதுருவேன். எடிட்டிங் ரூம்ல நான் அழுதா அந்த சீன் உள்ளே, அழலேன்னா வெளியே. எங்க புரொடியூசருக்கு அதுதான் கணக்கு. "தாஸ், கர்ச்சீப் எடுத்தியா?"ன்னுதான் கேட்பார்.

ஜோதி முதல் தடவை வந்து பாடினப்போ நான் கர்ச்சீப் எடுக்கல. உண்மையைச் சொல்லணும்ல. ஆனா நடுவரா இருக்காரே அந்த மியூசிக் டைரக்டர், அவர் பேனாவைக் கீழே வச்சுட்டார். "இந்தப் பொண்ணு பாட்டுக்குள்ள உட்கார்ந்துக்கிட்டுப் பாடுது"ன்னார். எனக்கு அதெல்லாம் புரியாது. எனக்குக் கண்ணுல பட்டது அவ தலையைச் சாய்ச்சுக்கிட்டுப் பாடுற அழகுதான். வலது பக்கக் காதை மேல தூக்கி, யாரோ தூரத்துல கூப்பிடறதைக் கேட்கிற மாதிரி. அதுவே அவளுக்கு ஒரு ஸ்டைல் ஆகிப் போச்சு. சின்னப் பிள்ளைங்க எல்லாம் இப்ப அப்படித்தான் சாய்ச்சுக்கிட்டுப் பாடுதுங்க, வீடியோ பார்த்தீங்களா? எடது காதுல இயர்போன் மாட்ட வந்தா மட்டும் வேண்டாம்னுருவா. "எனக்கு ஒரு பக்கம் போதும் சார்"ம்பா. பிடிவாதக்காரி. உங்களை மாதிரி.

சிரிங்கக்கா. சிரிச்சா அழகா இருக்கீங்க.

உங்களைப் பத்தித்தான் புரொடியூசருக்கு நிறையச் சொல்லி வச்சிருக்கேன். பேண்டேஜ் துணி மடிக்கிற அம்மா. காலையில ஏழு மணியில இருந்து உட்கார்ந்து ஊரெல்லாம் காயத்துக்குக் கட்டுற துணியை மடிச்சு மடிச்சுப் பொண்ணை வளர்த்த அம்மா. நல்லா இருக்கு இல்ல? நான் எழுதினதுதான். நேத்து உங்க கம்பெனியிலயே போய் ஒரு சுருள் வாங்கிட்டு வந்தோம். எதுக்குன்னு அப்புறம் சொல்றேன்.

நீங்க போன வாரம் ஃபோன்ல கேட்டீங்களே ஒரு கேள்வி, எனக்கு அது மனசுலயே நிக்குது. "சார், பாட்டு மட்டும் போதாதா?"ன்னு. வெள்ளந்தியாக் கேட்டீங்க. நான் சிரிச்சேன், தப்பா எடுத்துக்காதீங்க. போதாதுக்கா. நம்ம ஷோவுல ஜெயிச்சவங்க எத்தனை பேர், ஏழு பேர். ஏழு பேர் பேரையும் சொல்லுங்க பார்ப்போம். முடியாதுல்ல? எனக்கே ரெண்டு பேர் பேர் மறந்து போச்சு. ஷோ முடிஞ்சு மூணு மாசம் கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன், நகைக்கடைத் திறப்பு. நாலாவது மாசம் அடுத்த சீசன் ஆரம்பிச்சுரும், ஜனங்க அந்தப் பக்கம் திரும்பிருவாங்க. நின்னு நிலைக்கணும்னா ஒரு கதை வேணும். இதுதான் என் கட்சி.

ஆக்னஸ் மேரின்னு ஒரு பொண்ணு. நாகர்கோயில் பக்கம். போன சீசன். அப்பா தபால் ஆபீஸ்ல கிளார்க், அம்மா டீச்சர், தம்பி காலேஜ். நானும் மூணு டீ வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். ஒண்ணும் பெயரல. "உனக்கு என்னம்மா குறை?"ன்னா, "அப்பப்ப சளி பிடிக்கும்ணே"ங்குது. அதை வச்சு நான் என்ன பண்றது? அஞ்சாவது வாரம் வெளியே அனுப்பிட்டோம். ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே அது! "சரிண்ணே, வர்றேன்"னு எல்லாருக்கும் கை கொடுத்துட்டுப் போச்சு. கேமராவே வெறுத்துப் போச்சு.

இப்ப அது பாடிக்கிட்டுத்தான் இருக்கு. பெரிசா யாருக்கும் முகம் தெரியாது. ஆனா தினமும் வேலை. கோரஸ், டப்பிங், ட்ராக்குன்னு. ட்ராக்னா என்னன்னா, பெரிய பாடகர் வர்றதுக்கு முன்னாடி மாதிரிக்கு ஒருத்தரைப் பாட வச்சுப் பதிஞ்சு வைப்பாங்க. சில நேரம் அதுவே பிரமாதமா அமைஞ்சுட்டா அப்படியே படத்துல விட்டுருவாங்க. ஆக்னஸுக்கு ஒரு பாட்டு அப்படித்தான் அமைஞ்சுது. ஒரே பாட்டு, ஊரெல்லாம் ஓடுது. கல்யாண வீட்டுல நீங்களும் கேட்டிருப்பீங்க. ஆனா அது அவளுக்கு வர வேண்டிய பாட்டே இல்ல. அனுசுயாவுக்கு வர வேண்டிய பாட்டு.

அனுசுயாவைத் தெரியும்ல? போன சீசன்ல ரெண்டாவது பரிசு. ஆமா, அந்த வெள்ளிக் கொலுசுப் பொண்ணுதான்! பார்த்தீங்களா, ஞாபகம் இருக்குல்ல? அதைத்தான் சொல்றேன். பாட்டு ஞாபகம் இருக்கா உங்களுக்கு? இல்ல. கொலுசு ஞாபகம் இருக்கு. அந்தக் கொலுசு என் ஐடியா.

அரூர்ப் பக்கம் பொண்ணு, பத்தொம்பது வயசு. சென்னையில ஒரு ஜவுளிக்கடையில நின்னுக்கிட்டு, லேடீஸ் ஹாஸ்டல்ல இருந்துச்சு. டீ வாங்கிக் கொடுத்தேன். ரெண்டாவது டீயில அழுதுச்சு. வீட்டுல அம்மாவோட தம்பிக்குக் கட்டி வைக்கப் பார்த்திருக்காங்க. மாமாவுக்கு முப்பத்தாறு. பாட்டுன்னா அவருக்கு ஆகாதாம். உடுத்தின துணியோட பஸ் ஏறி வந்துருச்சு பொண்ணு. "சார், இதை உங்ககிட்ட மட்டும் சொல்றேன், மாமா பேரை மட்டும் எங்கேயும் போட்டுராதீங்க"ன்னு கையெடுத்துக் கும்பிட்டுச்சு. நான் பேரை எழுதி அடியில ரெண்டு கோடு போட்டுக்கிட்டேன்.

அரையிறுதி அன்னிக்கு என்ன செஞ்சோம்? விளக்கெல்லாம் அணைச்சுட்டு, பின்னாடி கதவைத் திறந்து மாமாவைக் கூட்டிட்டு வந்தோம். பட்டு வேட்டி, கையில வெள்ளித் தட்டு, தட்டுல கொலுசு. "நீ எவ்வளவு தூரம் ஓடினாலும் உனக்காகக் காத்திருந்த உறவு"ன்னு தொகுப்பாளினி சொல்லுது, பின்னாடி வயலின். மாமா மேடையிலயே மண்டி போட்டு அவ காலைப் பிடிச்சுக் கொலுசு மாட்டி விட்டார். ஸ்டூடியோவே அழுதுச்சு. நடுவர் ஒருத்தங்க மேடைக்கே ஓடிப்போய்க் கட்டிப் பிடிச்சாங்க. நான் கர்ச்சீப்பைப் பிழிஞ்சுட்டேன் போங்க.

அனுசுயா? அது சிலை மாதிரி நின்னுச்சு. அவ்வளவு சந்தோஷம். அப்புறம் பாடச் சொன்னோம். அன்னிக்குத்தான் முதல் தடவையா சுருதி விலகிப் பாடுச்சு. பல்லவியிலயே விலகிருச்சு, திரும்பப் பிடிக்கவே முடியல. உணர்ச்சிவசப்பட்டா அப்படித்தான் ஆகும்னு தொகுப்பாளினி சமாளிச்சுது. ஓட்டு கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு. அதுவரைக்கும் எங்க சேனல்ல எந்த ஷோவுக்கும் அவ்வளவு பேர் ஓட்டுப் போட்டதில்ல.

அந்த மியூசிக் டைரக்டர் முந்தின வாரமே அவகிட்ட சொல்லியிருந்தார். "ஃபைனல் முடிஞ்ச திங்கட்கிழமை காலையில பத்து மணிக்கு என் ஸ்டூடியோவுக்கு வாம்மா, ஒரு ட்ராக் இருக்கு"ன்னு. அவர் எல்லார்கிட்டயும் சொல்ற ஆள் இல்ல. திங்கட்கிழமை பத்தரை வரைக்கும் பார்த்திருக்கார். ஃபோன் பண்ணினா மாமா எடுத்து, "நாங்க ஊருக்குக் கிளம்பிட்டோம் சார்"ன்னு வச்சுட்டாராம். அன்னிக்குக் கோரஸ் பாட வந்து மூலையில உட்கார்ந்திருந்துச்சு ஆக்னஸ். "நீ பாடுறியாம்மா?"ன்னு கேட்டிருக்கார். அவ்வளவுதான்.

ஆக்னஸை ஒரு தடவை பார்த்துக் கேட்டேன். எப்படிம்மா, ஜெயிச்சவங்க எல்லாம் காணாமப் போயிட்டாங்க, நீ மட்டும் எப்படி நிக்கிறேன்னு. "நான் அன்னைக்கு அங்க இருந்தேம்ணே. திங்கட்கிழமையும் இருந்தேன், செவ்வாக்கிழமையும் இருந்தேன். அனுசுயா வந்திருந்தா அவதான் பாத்துக்கிடுங்க. என்னைவிட நல்லாப் பாடுவா"ன்னு சொல்லிட்டு, ஏன்னு தெரியல, முகத்தைத் திருப்பிக்கிட்டா. எல்லாம் அதிர்ஷ்டம்க்கா. வேற என்ன சொல்றது.

அனுசுயா கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன். அரூர்ல, ஒரு மாசத்துக்குள்ள. சாப்பாடு அமர்க்களம். மாமா என்னைத் தனியாக் கூட்டிட்டுப் போய் முதல் பந்தியில உட்கார வச்சார். "நீங்க இல்லேன்னா இவ கிடைச்சிருக்க மாட்டா சார், நாங்க ஒரு வருஷமாத் தேடிக்கிட்டு இருந்தோம்"னு கையைப் பிடிச்சுக்கிட்டார். மேடையில பொண்ணைப் பாடச் சொல்லிக் கேட்டாங்க. தலையாட்டிருச்சு. நான் போட்டோவுக்குப் பக்கத்துல போய் நின்னப்போ என்னை நிமிர்ந்து பார்த்துச்சு. கொலுசுக் காலைப் புடவைக்குள்ள இழுத்துக்கிச்சு. கல்யாணப் பொண்ணு, கூச்சம். இப்ப நம்பர் மாறிருச்சு. மாமா ஃபோனுக்குத்தான் பேசணும். ஒரு நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டேன், "அவளுக்கு இப்ப குரல் சரியில்ல சார்"ன்னார். கிணறு, தோட்டம், மாடுன்னு வசதியான இடம். நல்லபடியா செட்டில் ஆகிருச்சு. நான் செஞ்ச புண்ணியத்துல அதுவும் ஒண்ணு.

என்னக்கா, முகம் வாடிப் போச்சு? தண்ணி குடிக்கிறீங்களா? பார்த்து, மைக்குல சிந்திராதீங்க.

நம்ம ஜோதிக்கும் அவர் சொல்லியிருக்கார், தெரியும்ல? வர்ற திங்கட்கிழமை, பத்து மணி. தெரியுமா? ஜோதி சொல்லிட்டாளா? பார்த்தீங்களா, கண்ணுல வெளிச்சம் வந்துருச்சு! டிக்கெட் எடுத்து வச்சுட்டீங்களா? ஞாயித்துக்கிழமை ராஜபாளையத்துல இருந்து ரயிலா? ரெண்டு பேருமா? அப்படியே சென்னையிலயே தங்கிரலாம்னு இருக்கீங்களா? ஓகோ. பரிசு கிடைச்சாலும் கிடைக்காட்டியும் திங்கட்கிழமை போனாப் போதும்னு நினைக்கிறீங்க. கெட்டிக்காரிதான் நீங்க. எனக்கு இதை முதல்லயே சொல்லலையே.

சரி, இப்ப நான் ஒரு விஷயம் கேட்கிறேன். கோவிச்சுக்கக் கூடாது.

நீங்க ஃபாரத்துல என்ன எழுதிக் கொடுத்தீங்க? தகப்பனார் காலமாயிட்டார்னு. நானும் நோட்டுல 'அப்பா இல்லை'ன்னு எழுதிக்கிட்டேன். நல்ல குறைதான். ஆனா போன மூணு சீசனாவே அப்பா இல்லாத பிள்ளைங்க நிறைய வந்துட்டாங்க. புரொடியூசர் உதட்டைப் பிதுக்கிட்டார். அப்புறம் வயசுக்கு அத்தாட்சி வேணும்னு ஜோதியோட பிறப்புச் சான்றிதழ் கேட்டோம்ல, அதை நீங்க ரொம்ப நாள் தரல. தொலைஞ்சு போச்சுன்னீங்க. தரலேன்னா ஷோவுல நீடிக்க முடியாதுன்னு நான் கண்டிப்பாச் சொன்னதும் அனுப்பி வச்சீங்க. அதுல இருந்துச்சு எல்லாம். தகப்பனார் பேர் தங்கமாயன். ஊர் ஆண்டிப்பட்டி. பழைய வீட்டு விலாசம்.

உட்காருங்க. உட்காருங்கக்கா. நான் இன்னும் முடிக்கல.

செத்துப் போனவர் வீட்டுல ஒரு போட்டோவாவது கிடைக்கும், மாலை போட்டு ஒரு ஷாட் எடுக்கலாம்னுதான் போனேன். சத்தியமா அதுக்குத்தான் போனேன். வாசல்ல ஒருத்தர் டிராக்டருக்கு டயர் மாட்டிக்கிட்டு இருந்தார். இங்க தங்கமாயன் வீடு எதுன்னேன். "நாந்தேன். என்ன வேணும்?"னார். எனக்குப் புல்லரிச்சுப் போச்சு! செத்துப் போனதாச் சொன்ன அப்பா உயிரோட நிக்கிறார். எட்டு வருஷத்துல இப்படி ஒரு கதை எனக்குக் கிடைச்சதில்லக்கா.

நீங்க வாயைப் பொத்திக்கிட்டா மைக்குல ஒண்ணும் விழாது. கையை எடுங்க.

எனக்குப் புரியுது. புருஷன் பொஞ்சாதி சண்டை எங்கே இல்லாம இருக்கு? நானும் என் பொஞ்சாதியும் நாலு நாள் பேசாம இருந்திருக்கோம். அவர் எல்லாத்தையும் ஒளிக்காமச் சொன்னார். "எந்நேரமும் பாடிக்கிட்டே கிடப்பா, ஆறு வயசு. சத்தம் தாங்காம ஒரே ஒரு அறை விட்டேன், இந்தா இந்தப் பக்கம். அதுக்குப் போய் ரெண்டு பேரும் என்னைய விட்டுட்டு ஓடிட்டாக"ன்னு தன் எடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். பதினோரு வருஷமாத் தேடியிருக்கார் மனுஷன். தேனி, கம்பம், மதுரைன்னு மில் மில்லாப் போய் விசாரிச்சிருக்கார். அவ்வளவு பாசம். டிவி பார்க்கிற பழக்கம் இல்லையாம், பார்த்திருந்தா அவரே வந்திருப்பார். என் ஃபோன்ல ஜோதி பாடுறதைக் காட்டினேன். முழுசாப் பார்த்தார். ஒரு தடவை இல்ல, மூணு தடவை. "இன்னும் பாடுறாளா இவ"ன்னு மட்டும் சொன்னார்.

உங்க போட்டோவையும் காட்டினேன். அந்தக் கழுத்துத் தழும்பு... எங்ககிட்ட அடுப்பு வெடிச்சதுன்னு சொன்னீங்களே. அவர்கிட்ட கேட்டேன், இது எப்படின்னு. "இன்னும் இருக்கா அது?"ன்னு கேட்டார். இத்தனை வருஷம் கழிச்சும் ஞாபகம் வச்சிருக்கார் பாருங்க. ஆங், அதுக்குத்தான் சொல்ல வந்தேன், முந்தானையை அந்தப் பக்கமா இறக்கி விட்டுக்கங்க. தழும்பு தெரியட்டும். மறைக்காதீங்க.

எங்கேயா? வேன்லதான் இருக்கார். வாசல்ல நிக்குதுல்ல, கறுப்புக் கண்ணாடி வேன். காலையில அஞ்சு மணியில இருந்து என்னோடதான் வர்றார். வழியில டீ கூடக் குடிக்கல. தெருப் பேர் என்ன, எத்தனாவது வீடு, பின்பக்கம் கதவு இருக்கான்னு இதையேதான் கேட்டுக்கிட்டு வந்தார். ஒரு சீட்டுல எழுதியும் வாங்கிக்கிட்டார். கூட வேற ஆம்பிளை யாரும் இருக்காங்களான்னு கேட்டார். இல்லைங்க, தாயும் மகளும் தனியாத்தான் இருக்காங்கன்னு சொன்னேன். அப்பத்தான் அவர் முகத்துல ஒரு நிம்மதி வந்துச்சு.

அக்கா, கால்ல விழாதீங்க! என்னக்கா இது, நான் உங்க தம்பி மாதிரி. எழுந்திரிங்க. மைக்கு தரையில உரசுது பாருங்க, காதெல்லாம் கரகரங்குது. எழுந்து நாற்காலியில உட்காருங்க. அழுகையை இப்பவே காலி பண்ணிட்டீங்கன்னா அப்புறம் ஜோதி வரும்போது என்ன பண்ணுவீங்க?

திருப்பி அனுப்பவா? எப்படிக்கா முடியும்? சேனல் வரைக்கும் சொல்லியாச்சு. ஞாயித்துக்கிழமைக்கு விளம்பரம் ஓடிக்கிட்டிருக்கு, 'யாருடைய கை அது?'ன்னு. நீங்களே பார்த்திருப்பீங்களே. பார்த்தீங்களா? அது யார் கைன்னு நினைச்சீங்க? உங்க கைன்னா? நல்ல ஆள் போங்க!

விளக்கமாச் சொல்லிர்றேன், பயப்படாதீங்க. ஜோதி தெருமுனையில இறங்கும்போதே கண்ணைக் கட்டிருவோம். எதால? உங்க பேண்டேஜ் துணியால. அதுக்குத்தான் வாங்கினேன். 'அம்மா உழைச்ச துணி'ன்னு கீழே எழுத்து வரும். வலது காதுல எங்க இயர்போன், அதுல அவ பாடின பாட்டே ஓடிக்கிட்டிருக்கும், தெருச் சத்தத்தை வச்சுக் கண்டுபிடிச்சுரக் கூடாதுல்ல. அப்ப அப்பா வேன்ல இருந்து இறங்கி, எடது பக்கமா வந்து அவ கையைப் பிடிப்பார். தொட்டதும் அது யாருன்னு அவ சொல்லணும். அதுதான் ரவுண்டு. சொல்லிட்டா அவரே கண்கட்டை அவிழ்த்து விடுவார், கையைப் பிடிச்சு வீட்டுக்குள்ள கூட்டிட்டு வருவார், இங்க நீங்க உட்கார்ந்திருப்பீங்க. ஒரே ஷாட். வெட்டே இல்ல. பதினோரு வருஷம் கழிச்சு ஒரு குடும்பம். நான் இப்பவே கர்ச்சீப்பை எடுத்து வச்சுக்கிட்டேன்.

திங்கட்கிழமையா? அதெல்லாம் போகலாம். ஏன் போகக் கூடாது? அப்பாகிட்ட கேட்டேன், திங்கட்கிழமை ஜோதிக்கு ரெக்கார்டிங் இருக்கு, நீங்களும் சென்னைக்கு வர்றீங்களான்னு. "திங்கக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் கெடக்கு"ன்னார். அப்படி ஒரு நகைச்சுவை அவருக்கு.

இருங்க. காதுல பிரவீன் பேசுறான். சொல்லு பிரவீன். வந்தாச்சா? பத்தே முக்காலுக்கேவா? ரோடு காலியா இருந்திருக்கும். சரி, சரி, ரெடி. கட்டியாச்சா? நல்லா இறுக்கிக் கட்டு, மூக்குப் பக்கமா எட்டிப் பார்க்கும் அது. இயர்போன்? ம். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வை.

ஜன்னல் வழியாப் பாருங்கக்கா, உங்களுக்கு மட்டும் சலுகை. அதோ வர்றா பாருங்க. மஞ்சள் தாவணி. நம்ம டிசைனர் எடுத்தது. தலையைச் சாய்ச்சுக்கிட்டே வர்றா பாருங்க, கண்ணைக் கட்டினாலும் அந்த ஸ்டைல் போகல. சிரிக்குது கழுதை. நீங்கதான் கையைப் பிடிக்கப் போறீங்கன்னு நினைச்சுக்கிட்டிருக்கா போல.

கத்தாதீங்கக்கா. கேட்காது அவளுக்கு. கத்தாதீங்க, என் காது கிழிஞ்சுரும். அக்கா! கோட்டைத் தாண்டாதீங்க. அக்கா, எங்கே... கையை விடுங்க, கதவை விடுங்கக்கா. வயரு! வயரைப் பார்த்து...

பிரவீன்! அம்மா வெளியே வர்றாங்க. செருப்புக் கூடப் போடாம ஓடி வர்றாங்க. தடுக்காதே, ரெண்டாவது கேமராவை அந்தப் பக்கம் திருப்பு. வேன் கதவு? திறந்தாச்சா? அவர் இறங்கிட்டாரா? நான் சைகை காட்டாம யாருடா இறங்கச் சொன்னது? அவரேவா? சரி, விடு. போகட்டும். முகத்தைப் பிடி. அவர் முகத்தை இல்லடா, பொண்ணு முகத்தை.

கையைப் பிடிச்சுட்டாரா?

என்ன பண்றா? சொல்லு, இங்க இருந்து வேன் மறைக்குது. அம்மா மைக்குல மூச்சு மட்டும்தான் எனக்குக் கேட்குது. என்ன? உட்கார்ந்துட்டாளா? நடு ரோட்டுலயா? எடது காதைப் பொத்திக்கிட்டா? இயர்போன் வலது பக்கம்தானே இருக்கு, எடது காதை எதுக்குப் பொத்துறா? கண்கட்டை இன்னும் அவிழ்க்கலையே? அவிழ்க்காமலே தெரிஞ்சுருச்சா? பார்த்தியா, தகப்பன் கை! நான் சொல்லல?

யாருன்னு சொல்லச் சொல்லு. மைக்கை வாய்க்கிட்ட கொண்டு போ. என்ன சொல்றா? வாயைத் திறக்கிறாளா... திறந்தபடியே இருக்காளா... சத்தம் வரலையா? ஒண்ணுமே வரலையா?

அவர் கையை விட மாட்டேங்கிறாரா. நல்லதுடா. கட் பண்ணிராதே. ஓடட்டும். சத்தம் வரலேன்னாப் பரவாயில்ல பிரவீன், சத்தத்தை நாம அப்புறம் போட்டுக்கலாம்.